அப்பாவுக்காக ஒரு கேரமல்

சர்க்கரை நோய் வந்ததிலிருந்து அப்பா கேரமல் கஸ்டர்ட் பக்கமே போனதில்லை. எழுபதாவது பிறந்தநாளுக்குச் சர்க்கரை போடாமலே அதைச் செய்து கொடுத்தே தீருவது என்று முடிவு செய்தேன். மடிப்பாக்கத்து வீட்டில் மே மாதப் புழுக்கத்தோடு மூன்று வாரம் அடுப்படியில்தான் இருந்தேன்.

முதலில் எரித்ரிட்டால் என்ற மாற்று இனிப்பு. 100 கிராமை அடிகனமான பாத்திரத்தில் போட்டேன். 120 டிகிரி வாக்கில் தண்ணீர் போலத் தெளிவாக உருகியது. அதோடு சரி, நிறம் மாறவே இல்லை. இப்போது சிவக்கும், இப்போது சிவக்கும் என்று கரண்டியும் கையுமாக நின்றேன். இறக்கி ஆறவைத்ததும் வெள்ளை வெளேரென்று கட்டிவிட்டது. வாயில் போட்டால் புதினா மிட்டாய் மாதிரி ஒரு குளிர்ச்சி.

அப்புறம்தான் காரணத்தைத் தேடிப் படித்தேன். சாதாரணச் சர்க்கரை 160 டிகிரியைத் தாண்டும்போது உருகுவதோடு நிற்பதில்லை. சிதைந்து வேறு பொருள்களாகிறது. அந்த நிறம், மணம், லேசான கசப்பு எல்லாம் அதிலிருந்து வருபவை. எரித்ரிட்டால், சைலிட்டால், மால்டிட்டால் மூன்றும் சர்க்கரை ஆல்கஹால் எனப்படும் மாற்று இனிப்பு வகை. அந்தச் சூட்டில் அப்படிச் சிதைவதில்லை. ஸ்டீவியா என்ற இலை இனிப்பைச் சிட்டிகை அளவுதான் போடுவோம், உருக்குவதற்கு அதில் என்ன இருக்கிறது?

அம்மா ஒரு யோசனை சொன்னார். “நெய் காய்ச்சுறப்போ கசண்டு செவக்குது இல்ல? அதுல செஞ்சு பாரேன்.” வெண்ணெயைக் கசண்டு சிவக்கும்வரை காய்ச்சி, கிரீமும் எரித்ரிட்டாலும் உப்பும் சேர்த்தேன். வீடே மணத்தது. ஆனால் ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி இருந்ததும் மணல் மாதிரி நறநறத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் கைகொடுத்தது அல்லுலோஸ். அமெரிக்காவிலிருந்து வந்த அக்கா ஒரு பாக்கெட் கொண்டுவந்திருந்தாள். இதுவும் ஒரு சர்க்கரைதான், ஆனால் உடம்பு அதை ஏறக்குறைய அப்படியே வெளியேற்றிவிடுகிறது. இனிப்பு சர்க்கரையில் 70 சதவீதம். சர்க்கரையைவிடச் சீக்கிரம் சிவக்கும் என்பது தெரியாமல் முதல் தடவை கருக்கிவிட்டேன். இரண்டாம் தடவை அடுப்பைச் சிம்மில் வைத்து, தேன் நிறம் வந்தவுடன் இறக்கி, வெதுவெதுப்பான கிரீமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். அடுத்த நாளும் கட்டவில்லை, நறநறக்கவும் இல்லை.

இது இறுகாது என்பதால் கிண்ணத்தின் அடியில் ஊற்றவில்லை. இனிப்பில்லாத பாலும் முட்டையும் கொஞ்சம் அல்லுலோஸும் கலந்து இட்லிக் குண்டானில் அவித்தேன். ஆறியபின் மேலே ஊற்றிக் கொடுத்தேன். பாலில் இயற்கையாகவே சர்க்கரை உண்டு, அதனால் அப்பாவுக்குச் சின்னக் கிண்ணம்தான்.

முதல் கரண்டியை வாயில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “லேசா கசக்குதும்மா,” என்றார். “அதேதான்.”