ஆற்று மண் அனுமதிப்பத்திரத்தின் பிரதியை நான் வாங்கிய விதம்

கொழும்பில் எங்கள் கட்டட வேலைத்தளத்துக்கு வரும் ஆற்று மண்ணை கியூப் கணக்குப் பார்த்துக் கையெழுத்து வைப்பது என் வேலை. அந்த மண் எந்த ஆற்றிலிருந்து வருகிறது என்று ஏழு வருடமாக நான் கேட்டதில்லை. கேட்க வைத்தது மாமாவின் அழைப்பு.

மட்டக்களப்பில் முந்தனை ஆற்றுப் பக்கம் அவருக்கு வயலும் ஒரு கிணறும் உண்டு. "பிள்ளை, கிணத்துக் கயிறு எட்டுதில்ல. ரெண்டு முழம் சேர்த்துக் கட்டியிருக்கேன்" என்றார். ஆற்றில் மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் இறங்கியிருக்கிறது, இரவில் டிப்பர் ஓடுகிறது, கரை இடிந்து வயல் வரப்புக்கு வந்துவிட்டது.

ஆற்றுப் படுக்கையின் மண் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்து பக்கத்து நிலத்துக்குக் கொடுக்கும். படுக்கை தாழத் தாழக் கிணற்று நீரும் இறங்கும். கொழும்பில் இருக்கிறவர்களுக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. மண் அள்ளி அள்ளிக் களனி கங்கையின் படுக்கை தாழ்ந்ததால், வறட்சிக் காலத்தில் கடல்நீர் அம்பத்தலை வரை ஏறி வந்திருக்கிறது. நாங்கள் குடிக்கும் தண்ணீர் எடுக்கும் இடம் அது. உப்பைத் தடுக்க அங்கே மணல் மூட்டை அடுக்கி அணை கட்ட வேண்டியிருந்தது.

என் சம்பளமே கொங்கிரீட்டில்தான் வருகிறது, அதனால் மண்ணே எடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எவ்வளவு, எங்கே, எவ்வளவு ஆழத்துக்கு அள்ளலாம் என்பதற்கு ஒரு அளவு இருக்க வேண்டும். அந்த அளவு ஏதோ ஒரு காகிதத்தில் எழுதியிருக்கும். அதைக் கண்ணால் பார்க்க நினைத்தேன்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதினேன். முதல் விண்ணப்பம் வீணாய்ப் போனது. "எங்கள் ஆற்றில் மண் அகழ்வது பற்றிய சகல விபரங்களும்" என்று கேட்டு ஒரு அலுவலகத்துக்கு அனுப்பினேன். அப்படியான தகவல் தங்களிடம் இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. ஒரு மாதம் போய்விட்டது.

எங்கள் தளத்துக்கு ஆலோசனை சொல்ல வரும் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஐயாதான் வழி காட்டினார். "தகவல் கேட்காதீங்க தங்கச்சி, காகிதத்தைப் பேர் சொல்லிக் கேளுங்க. அதுவும் அந்தக் காகிதம் யாரிடம் இருக்கோ அவங்களிடம்." 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி அகழ்வு அனுமதிப்பத்திரம் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். அதன் தலைமையகம் பிட்டகோட்டேயில். மண்ணை ஏற்றிச் செல்வதற்கு வேறொரு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாவது விண்ணப்பத்தை இப்படி எழுதினேன்: இன்ன கிராம அலுவலர் பிரிவில் நடப்பிலுள்ள அகழ்வு அனுமதிப்பத்திரங்களின் பிரதி, இணைத்த நிபந்தனைகள், எல்லை ஆள்கூறுகள் (இடத்தைத் துல்லியமாகக் காட்டும் எண்கள்) உள்ள வரைபடம், நிலத்தை மீளமைக்க வைத்த வைப்புப் பணத்தின் விபரம். காரணம் எழுதவில்லை, சட்டம் கேட்கவும் இல்லை. தமிழில் பதில் வேண்டும் என்று மட்டும் மறக்காமல் எழுதினேன். எந்த மொழியில் வேண்டும் என்று குறிப்பிட விண்ணப்பதாரிக்கு உரிமை உண்டு. கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான எழுத்தையும் வாங்கினேன். அந்தத் துண்டைப் பத்திரமாக வையுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீட்டுக்கு அதுதான் சாட்சி.

எனக்கு மேன்முறையீடு தேவைப்படவில்லை. பிரதிக் கட்டணத்தைக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது, கட்டினேன், காகிதங்கள் வந்தன. வைப்புப் பண விபரம் மட்டும் அதில் இல்லை.

அன்றிரவு வெள்ளவத்தை வீட்டில் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக மாமாவுக்கு வாசித்தேன். இயந்திரம் பாவிக்கக் கூடாது. பொழுது பட்ட பின் அள்ளக் கூடாது. கரையிலிருந்து இவ்வளவு தூரம் விட வேண்டும். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப இவ்வளவு நாளும் எழுத்து எங்கட பக்கம்தான் இருந்திருக்கு" என்றார்.

மறுநாள் மருமகன் கைத்தொலைபேசியோடு ஆற்றில் இறங்கி நின்று ஆள்கூறுகளை எடுத்து அனுப்பினான். அவற்றை வரைபடத்தில் குறித்துப் பார்த்தேன். குழி எல்லைக்கு வெளியே கிடந்தது.

பணியகத்துக்கு முறைப்பாடு எழுதினேன். அதில் கோபத்தைச் சேர்க்கவில்லை. நிபந்தனை இலக்கம், படம், திகதி, ஆள்கூறு, அவ்வளவுதான். கடைசியில் எப்பாவல பொஸ்பேட் வழக்கைக் குறிப்பிட்டேன். அந்த ஊர்க்காரர் ஏழு பேர் போட்ட வழக்கு அது. முறையான ஆய்வும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் இல்லாமல் அந்தச் சுரங்கத் திட்டம் போக முடியாது என்று 2000இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலைபேறான அபிவிருத்தி என்ற சொல்லைக் கருத்தரங்குகளில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஏழு பேரின் கிணறும் வயலும் அதற்குள் இருக்கிறது என்று எனக்கு விளங்கியது அந்தத் தீர்ப்பை வாசித்தபோதுதான்.

கள ஆய்வுக்கு ஆட்கள் வந்தார்கள். பெக்கோ போய்விட்டது. எல்லைக்குக் கட்டை நட்டிருக்கிறார்கள். மாரி மழையில் மாமாவின் கிணறு நிறைந்தது, ஆனால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆவணி வெயிலில்தான் உண்மை தெரியும். வேலைத்தளத்தில் இப்போது மண் கொண்டு வருபவரிடம் அனுமதிப்பத்திரப் பிரதி கேட்கிறேன். ஒருவர் வருவதையே நிறுத்திவிட்டார்.

குழிகள் இன்னும் மூடப்படவில்லை. மீளமைப்புக்கு வைத்த பணம் எவ்வளவு, எப்போது செலவிடப்படும் என்று கேட்டு அடுத்த விண்ணப்பத்தைக் கொடுத்திருக்கிறேன். வரும் வியாழனோடு 14 வேலை நாள்.