கச்சேரி இருக்கிறது, விவரம் எங்கே?

வாட்ஸ்அப்பில் பழைய கச்சேரி ஒன்று வருகிறது. காம்போதி ஆலாபனை, விஸ்தாரமான தனி (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி), எல்லாம் சுகம். வயலின் யார், எந்த ஊர், எந்த வருஷம்? கோப்பின் பெயரில் அது வந்து சேர்ந்த தேதியும் ஒரு வரிசை எண்ணும்தான் இருக்கின்றன. அனுப்பியவருக்கும் வேறொருவர் அனுப்பியது.

யாஹூ குழுக்கள் என்ற மின்னஞ்சல் விவாதக் குழுக்கள் இருந்த காலத்தில் இப்படி ஒரு பதிவு வந்தால் நாலு ரசிகர்கள் துருவுவார்கள். ஒருவர் தனியைக் கேட்டு மிருதங்கம் இன்னார் என்பார், இன்னொருவர் மறுப்பார், அந்த வாதம் முழுக்க எழுத்தில் கிடக்கும். ஆர்குட் என்ற சமூக வலைத்தளமும் 2014 செப்டம்பரில் மூடியது. யாஹூ 2019 டிசம்பரில் பழைய கோப்புகளை நீக்கத் தொடங்கி, 2020 டிசம்பரில் குழுக்களையே மூடிவிட்டது. இப்போது சரியான பதில் வந்தாலும் மறுநாள் காலை வணக்கங்களுக்கு அடியில் போய்விடுகிறது. அடுத்த மாதம் அதே கேள்வி. பாட்டு முன்பைவிட அதிகமாகவே கிடைக்கிறது, விவரம்தான் உதிர்கிறது. அதனால் விவரத்தைக் கோப்புக்குள்ளேயே எழுதிவிட வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன்.

வீட்டில் கேசட் வைத்திருப்பவர்களிலிருந்து தொடங்கலாம். முதலில் மேல்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் தாழ்களையும் உடையுங்கள். தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் அழியாது. ஒரு முறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடாதீர்கள், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். பிறகு கணினியில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள்; உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபெலைத் தாண்ட வேண்டாம். ஸ்டீரியோவில் மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி ஆகும், தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக ஆக்கினால் கணிசமாகக் குறையும். ஒலி மூடியடித்தாற்போல் இருந்தால் ஈக்வலைசரைத் தொடுமுன் டேப்பைப் படிக்கும் டெக்கின் ஹெட்டைப் பாருங்கள். அதன் பக்கத்துத் திருகை மிகச் சிறிதாகத் திருப்பி, மோனோவில் கேட்டு, தம்புராவின் ஜீவா, அதாவது ரீங்காரம், எங்கே தெளிகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

வேகம்தான் பெரிய வம்பு. பேட்டரி ரெக்கார்டரில் பதிந்த கச்சேரிகளில் பேட்டரி இறங்க இறங்க டேப் மெதுவாக ஓடியிருக்கும். இன்று சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறிக்கொண்டே போகும்: தொடக்கத்து வர்ணத்தில் ஒன்றரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு), முடிவில் வரும் மங்களத்துக்குள் இரண்டு. வேகம் 6 சதவீதம் மாறினால் சுருதி அரைக் கட்டை நகர்கிறது. குரலும் மெலிந்து இளசாகிவிடுவதால், யூடியூபில் வேறு வித்வான் பெயரில் உலவும் பதிவுகளில் சிலவற்றுக்கு இதுவே காரணம். ஆகவே பெயர் தேடுமுன் சுருதியைப் பாருங்கள். பாடகரின் வழக்கமான கட்டை தெரிந்தால் அதற்குக் கொண்டு வாருங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் கட்டளைதான் வேண்டும். சுருதியை மட்டும் மாற்றினால் காலப்பிரமாணம் (பாட்டின் நடைவேகம்) தவறாகவே நின்றுவிடும். ஏற்றம் படிப்படியாக இருந்தால் ஒவ்வொரு உருப்படியையும் (பாட்டையும்) தனியாக வெட்டித் திருத்துங்கள். திருத்தாத மூலக் கோப்பை அழிக்க வேண்டாம்.

இன்னொரு சிக்கல்: பழைய பதிவின்மேலேயே புதிதாகப் பதிந்திருப்பார்கள். பக்கத்தின் கடைசி ஐந்து நிமிடம் வேறு கச்சேரியின் வால். சுருதி, மிருதங்க நாதம், அரங்கத்தின் எதிரொலி மூன்றும் ஒரே இடத்தில் மாறினால் அங்கே வெட்டுங்கள். அட்டையில் எழுதியிருப்பதையும் அப்படியே நம்பாதீர்கள்; கேசட்டும் அட்டையும் மாறிப்போவது சகஜம்.

வானொலிக் கச்சேரியில் அறிவிப்பாளர் குரலைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். பக்கவாத்தியக்காரர்களின் பெயர்கள் ஐயமில்லாமல் கிடைப்பது பெரும்பாலும் அங்கேதான். "பாட்டு மட்டும் போதும்" என்று வெட்டியவர்களால் எத்தனை கஞ்சிரா, கடம் வித்வான்கள் பெயரற்றுப் போனார்கள் என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

கோப்புக்குள் விவரம் எழுதுவதற்கு எம்பி3டேக் என்ற மென்பொருள் போதும், விண்டோஸில் இலவசம். தலைப்பில் உருப்படி, ஆல்பத்தில் இடமும் தேதியும், குறிப்பில் ராகம், தாளம், பக்கவாத்தியம், பதிந்தவர். எம்பி3 கோப்பில் விவரம் எழுதும் முறையான ஐடி3இல் பதிப்பு 2.3, எழுத்துமுறை யுடிஎஃப்-16 என்று அமைத்தால் தமிழ் ஒழுங்காக நிற்கும். பதிப்பு 1இல் தலைப்புக்கு 30 எழுத்துதான், அதிலும் தமிழ் ஏறாது. ஒவ்வொரு விவரத்துக்கும் ஆதாரம் சேருங்கள்: "அறிவிப்பில் கேட்டது", "அட்டையில் இருந்தது", "குரலை வைத்து ஊகம்". வருஷம் உறுதியில்லை என்றால் அந்தக் கட்டம் காலியாக இருக்கட்டும், ஊகம் குறிப்புக்குப் போகட்டும். கட்டத்தில் ஏறிய ஊகத்தை அடுத்தவர் உண்மையாகவே எடுத்துக்கொள்வார்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆடியோவாக அல்லாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், கோப்பின் பெயர் மாறாமல் போய்ச் சேரும். அட்டையின் படத்தையும் அதே வழியில் அனுப்புங்கள். சாதாரணப் படமாகப் போனால் சுருக்கப்பட்டு, பென்சில் எழுத்து மங்கிவிடும். யாராவது திருத்தம் சொன்னால் உடனே கோப்புக்குள் ஏற்றி, திருத்திய தேதியையும் போட்டு, அதே குழுவில் மறுபடி அனுப்புங்கள்.