பூட்டிய கோப்பைப் பத்தாண்டு கழித்துத் திறக்க

அப்பாவின் கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் ஆகியவற்றை 2011-ல் ஸ்கேன் செய்து, ட்ரூகிரிப்ட் என்ற மென்பொருளால் ஒரே பெட்டகக் கோப்பாகப் பூட்டி வைத்தேன். அன்றைக்கு அதைவிட நம்பிக்கையான கருவி வேறில்லை என்றே பலரும் சொன்னார்கள். பெயரை வெளியிடாமலே அதை உருவாக்கி வந்தவர்கள், 2014 மே 28 அன்று, இனி இதைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது அல்ல என்று தங்கள் தளத்தில் எழுதிவிட்டு விலகிக்கொண்டார்கள். பொதுமக்களின் நன்கொடையில் நடந்த தணிக்கை 2015 ஏப்ரலில் முடிந்தபோது, அதில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட கள்ளவழி எதுவும் தென்படவில்லை. பூட்டும் முறையின் கணிதம் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. பராமரிக்கத்தான் ஆள் இல்லை.

அதிலிருந்து 2013-ல் கிளைத்த வெராகிரிப்ட், பழைய பெட்டகங்களையும் பல ஆண்டுகள் திறந்து கொடுத்தது. ஆனால் 2023-ல் வந்த 1.26 வரிசையில் அந்த வசதி நீக்கப்பட்டது. செய்தியைப் படித்த அன்றே, அந்த வசதி இருந்த முந்தைய 1.25.9 பதிப்பை நிறுவி, பத்திரங்களை வெளியே எடுத்தேன். அடுத்து அவற்றை எதில் வைப்பது என்பதுதான் கேள்வி.

வெராகிரிப்ட் மீது எனக்கு மதிப்பு உண்டு. 2016-ல் வெளியார் அதைத் தணிக்கை செய்து சொன்ன கடுமையான குறைகளில் பெரும்பாலானவை 1.19 பதிப்பிலேயே சரிசெய்யப்பட்டன. முழு வட்டையோ பென்டிரைவையோ பூட்ட இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். மேகச் சேமிப்பில் வைக்கும்போது மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெட்டகத்துக்குள் எதை மாற்றினாலும், வெளியே அந்தக் கோப்பின் திருத்த நேரம் மாறாதபடி அது இயல்பாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. நேரத்தைப் பார்த்து ஒத்திசைக்கும் சேவை, ஒன்றுமே மாறவில்லை என்று எண்ணிப் பழைய பிரதியையே வைத்திருக்கும். அமைப்புகளுக்குள் சென்று அந்தத் தெரிவை நீக்கிவிட வேண்டும். கோப்புகளைத் தனித்தனியாகப் பூட்டும் கிரிப்டோமேட்டரில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் எத்தனை கோப்புகள், ஏறத்தாழ என்ன அளவு என்பதை அது மறைக்காது.

1999-ல் 1.0 பதிப்பை எட்டிய, கோப்புகளைப் பூட்டும் ஜிஎன்யுபிஜி என்ற கருவி அனுபவத்தில் இவற்றுக்கெல்லாம் மூத்தது. கோப்புகளில் மின்கையொப்பமிடவும் அது உதவும். ஆனால் வீட்டுப் பத்திரங்களைப் பூட்ட மட்டும் ஒரு கருவி தேடுபவருக்கு அதன் விருப்பத்தேர்வுகளின் எண்ணிக்கையே பெரும் சுமை.

புதியவற்றில் நான் தேர்ந்தது, பிலிப்போ வால்சோர்டா உருவாக்கி 2021-ல் 1.0 பதிப்பாக வந்த ஏஜ் என்ற கருவி. பூட்டிய கோப்பை எடிட்டரில் திறந்தால், முதல் வரியிலேயே கோப்பு வடிவத்தின் பெயரும் அது முதலாம் பதிப்பு என்பதும் வெறும் எழுத்தில் தெரியும். வெராகிரிப்ட் பெட்டகமோ முதல் பைட்டிலிருந்தே பொருளற்ற இரைச்சலாகத் தெரியும். தன்னிடம் பூட்டிய கோப்பு இருப்பதையே மறைக்க வேண்டியவருக்கு அதுதான் தேவை. எனக்கு அந்தத் தேவை இல்லை. பல ஆண்டுகள் கழித்து அந்தக் கோப்பைக் கையில் எடுப்பவருக்கு அது என்ன, எதைக் கொண்டு திறப்பது என்பது தெரிய வேண்டும். உள்ளடக்கம் 64 கேபி துண்டுகளாகப் பிரித்துப் பூட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் தனிச் சரிபார்ப்பு உண்டு என்பதால், நடுவே ஒரு பைட் கெட்டாலும் திறக்கும்போது தெரிந்துவிடும். எல்லாவற்றையும்விட என்னை ஈர்த்தது, வடிவத்தின் விவரக்குறிப்பு வெளியிடப்பட்டு, அதைக் கொண்டு ரேஜ் என்ற மற்றொரு கருவி ரஸ்ட் என்ற நிரல்மொழியில் தனியாக எழுதப்பட்டிருப்பதுதான். ஒருவர் கைவிட்டாலும் இன்னொருவரின் கருவி திறக்கும்.

இது காகிதத்தில் மட்டும் உண்மையாக இருந்துவிடக் கூடாது என்பதால், என் கணினியில் ஏஜ் கொண்டு பூட்டிய கோப்பைத் தங்கையின் மடிக்கணினிக்கு அனுப்பி, அங்கே ரேஜ் மட்டும் நிறுவச் சொன்னேன். தாளில் எழுதிக் கொடுத்திருந்த கடவுச்சொல்லைப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். சில நொடிகளில் அப்பாவின் பட்டா திரையில் வந்தது.