பூட்டுப் போட்ட பெட்டியும் செப்புக் காசும்

சென்னையில் நம் பள்ளி இருந்த தங்கசாலைத் தெருவுக்கு அந்தப் பெயரே கிழக்கிந்தியக் கம்பெனி அரசின் நாணயச்சாலையால் வந்தது. அதனாலோ என்னவோ, காசு பற்றிய பேச்சு நம் வகுப்புகளில் அடிக்கடி வரும். ஒன்பதாம் வகுப்பில் தமிழ் ஐயா வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு ‘நாள், மலர், காசு, பிறப்பு’ என்று வாய்ப்பாடு சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மணிக்கு ஆங்கில சார் வந்ததும் முன்வரிசைப் பையன் எழுந்தான். “நம் காசுதானே சார் ஆங்கிலத்தில் கேஷ் ஆனது?” வகுப்பே கைதட்டியது.

சார் கைதட்டவில்லை. கரும்பலகையில் ஒரு பெட்டி வரைந்து அதற்குப் பூட்டும் போட்டார். ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ் இதிலிருந்துதான் பிறந்தது என்றார். லத்தீனில் காப்சா என்றால் பெட்டி. இத்தாலிய மொழியில் அது காஸ்ஸா, பிரெஞ்சில் கெஸ். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அது பணப்பெட்டியைத்தான் குறித்தது. போகப்போக உள்ளே இருந்த பணத்துக்கே பெயராகிவிட்டது. கேஷியர் என்பவர் அந்தப் பெட்டியைக் காப்பவர். ஒருவரை அவமானப்படுத்தி வேலையை விட்டு நீக்குவதையும் ஆங்கிலத்தில் கேஷியர் என்பார்கள். அதன் வேர் முற்றிலும் வேறு.

பையன் உட்காரப் போனான். சார் விடவில்லை. “உன் காசிலிருந்து வந்த கேஷ் இன்னொன்று இருக்கிறதப்பா” என்றார்.

அன்று அவர் சொன்னது எனக்கு இன்றும் இனிக்கிறது. நம் காசைப் போர்ச்சுகீசியர் காய்ஷா என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கிக்கொண்டார்கள். 80 காசு சேர்ந்தால் ‘பணம்’ என்ற சிறு நாணயம் ஒன்று, 42 பணம் சேர்ந்தால் ‘வராகன்’ என்ற பொன் நாணயம் ஒன்று: சென்னையில் கம்பெனியின் கணக்கு இப்படித்தான் நடந்தது. 1818இல் வெள்ளி ரூபாய் வந்து அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. நடுவில் சதுரத் துளையிட்ட சீனத்து நாணயத்தையும் ஆங்கிலேயர் கேஷ் என்றே அழைத்தார்கள். சீனாவின் நாணயத்துக்கு நம் சொல்! பொய்ப் பெருமையைத் தட்டிவிட்டு மெய்யான பெருமையைக் கையில் கொடுத்த ஆசிரியர் அவர். அப்படி ஒருவரிடம் படித்தது நம் பாக்கியம்.

இங்கிலாந்துக்கு வந்த பிறகு ஒரு பழைய நாணயக் கடையில் இருபது காசு மதிப்புள்ள நாணயம் ஒன்றை வாங்கினேன். 1809 ஜனவரியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் செப்புக் காசுகளோடு புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அந்தக் காசுகளை லட்சக்கணக்கில் கடலிலிருந்து எடுத்தார்கள். என்னுடையது அவற்றில் ஒன்று. ஒருபுறம் கம்பெனியின் சிங்கங்களும் 1808 என்ற ஆண்டும். மறுபுறம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எண்ணில் இருபது, பக்கத்திலேயே கேஷ்.

இங்கே நம் தமிழ்ச் சங்கத்துப் பிள்ளைகள் மேடையேறி ‘காசுதான் கேஷ்’ என்று பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் சார் நினைவு வருகிறது. அவர்களுக்குப் பெட்டியின் கதையையும் சொல்லிக்கொடுங்கள். பொங்கல் விழாவுக்கு அந்தக் காசை எடுத்து வருகிறேன். ஆளுக்கொரு முறை கையில் வாங்கிப் பார்க்கட்டும்.