தொல்பழங்காலப் பாடம் எனக்குப் பிடிபட்ட விதம்

முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு முதல் முறை படித்தபோது, வரலாற்றுப் பாடத்தின் முதல் அலகைக் கடைசியில்தான் தொட்டேன். தொல்பழங்காலம்தானே, காலம், கருவி, இடம் என்று மூன்று கட்டம் போட்டு மனப்பாடம் செய்தால் போதும் என்று நினைத்தேன். தேர்வு அறையில் அந்த மூன்று கட்டங்களும் ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டன. மத்தியப் பிரதேசத்தின் பிம்பேட்கா எந்தக் காலம், ராஜஸ்தானின் பாகூர் எந்தக் காலம் என்று யோசித்தே நேரம் போனது. அந்த முறை தேர்ச்சி பெறவில்லை.

இரண்டாம் முறை, எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவரிடம் வாரம் ஒரு விடை எழுதிக் காட்டி வந்தேன். திருவள்ளூர் மாவட்டத்தில் பழங்காலக் கற்கருவிகள் கிடைத்த அத்திரம்பாக்கம் பற்றி எழுதிய விடையில், ‘கார்பன் 14 முறைப்படி இதன் காலம் 15 லட்சம் ஆண்டுகள்’ என்று எழுதியிருந்தேன். அவர் அந்த வரியை மட்டும் வட்டமிட்டு, பக்கத்தில் ‘எப்படி?’ என்று எழுதியிருந்தார்.

“கார்பன் எத்தனை வருஷம் வரைக்கும் பேசும்னு கணக்குப் போட்டுப் பாரும்மா,” என்றார்.

போட்டுப் பார்த்தேன். கார்பன் 14-இன் அரைவாழ்வுக் காலம் 5730 ஆண்டுகள். அவ்வளவு ஆண்டுகளில் பாதி அழிந்துவிடும், அதே அளவு காலம் போனால் மிச்சத்தில் பாதி. இப்படிப் பத்து முறை பாதியானால் இருந்ததில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதற்குள் 57,300 ஆண்டுகள் ஆகிவிடும். அதனால்தான் இந்த முறை ஏறக்குறைய 50,000 ஆண்டுகளோடு நின்றுவிடுகிறது. இன்னொன்று, அளப்பதற்குக் கரி, எலும்பு, விதை என்று ஒருகாலத்தில் உயிரோடு இருந்த ஏதாவது வேண்டும். கல்லில் அது இல்லை. 15 லட்சம் ஆண்டுக்கு முந்தைய கல்லைக் கார்பன் எப்படி அளக்கும்?

அன்றிலிருந்து நான் படித்த முறையே மாறிவிட்டது. எந்தத் தகவலைப் படித்தாலும் பக்கத்தில் ‘இது எப்படித் தெரியும்?’ என்று எழுதி, அதற்கு விடை தேடினேன். கொஞ்சம் நேரம் பிடிக்கும்தான். ஆனால் அப்படிப் படித்தது எதுவும் மறக்கவில்லை.

அத்திரம்பாக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லில் உள்ள குவார்ட்ஸ் துகள்கள் தரைக்கு மேலே இருக்கும்போது, விண்ணிலிருந்து வரும் கதிர்கள் பட்டு அலுமினியம் 26, பெரிலியம் 10 என்ற இரண்டு கதிரியக்கத் தனிமங்கள் அவற்றில் உண்டாகின்றன. கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்ததும் அந்த வரவு நின்றுவிடும். உள்ளே இருப்பது அழியத் தொடங்கும். அலுமினியம் வேகமாக அழியும், பெரிலியம் மெதுவாக அழியும். இரண்டுக்கும் இடையிலான விகிதத்தைப் பார்த்தால் கல் புதைந்து எவ்வளவு காலம் ஆனது என்று தெரிந்துவிடும். தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் வெளியிட்ட 15 லட்சம் ஆண்டு என்ற காலம் இப்படிக் கிடைத்ததுதான். 2018-இல் அதே இடத்தின் மேலடுக்குகளில் உள்ள இடைப் பழங்கற்காலக் கருவிகளுக்கு ஏறக்குறைய 3,85,000 ஆண்டு என்று வெளியிட்டார்கள். அதற்குப் பயன்பட்டது ஒளிர்வு முறை. ஒரு மணல் துகள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று அது சொல்லும். ஒரே இடம், இரண்டு அடுக்கு, இரண்டு கடிகாரம். பழைய கைடுகளில் இந்த இரண்டு தேதிகளும் இருக்காது. அதனால் நீங்கள் வைத்திருக்கும் கைடு எந்த ஆண்டுப் பதிப்பு என்று முதலில் பாருங்கள்.

தமிழ் வழியில் படிப்பவர்கள் விழும் குழி ஒன்று உண்டு, நானும் விழுந்தேன். ‘இடைப் பழங்கற்காலம்’ வேறு, ‘இடைக்கற்காலம்’ வேறு. முதலாவது பழங்கற்காலத்தின் நடுப்பகுதி. இரண்டாவது, பழங்கற்காலம் முடிந்து புதிய கற்காலம் தொடங்குவதற்கு இடைப்பட்டது. நுண்கற்கருவிகள் பெருகிய காலம் அது. பாகூரும் மத்தியப் பிரதேசத்தின் ஆதம்கரும் அதில்தான் வரும். ஒரு எழுத்துக் கூட்டம் மாறினால் லட்சக்கணக்கான ஆண்டு தள்ளிப் போய்விடும். ‘கீழ்’, ‘மேல்’ என்ற பெயர்களும் அப்படித்தான். கீழ்ப் பழங்கற்காலம் ஏன் மிகப் பழையது என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அது மண்ணில் கீழே கிடக்கிறது, அவ்வளவுதான்.

மண்ணடுக்கு எனக்குப் புரிந்தது எங்கள் பாட்டி வீட்டுச் சுவரில். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த சுவர் அது. ஓரிடத்தில் பெயர்ந்து விழுந்தபோது நீலம், மஞ்சள், வெள்ளை என்று பூச்சுகள் வரிவரியாகத் தெரிந்தன. உள்ளே இருப்பது பழையது, வெளியே இருப்பது புதியது. படம் மாட்ட அடித்த ஆணி மட்டும் எல்லாப் பூச்சையும் துளைத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. அகழாய்வில் குழிகளைத் தனியாகக் குறித்துக்கொள்வது இதற்காகத்தான். பின்னால் வந்தவர்கள் தோண்டிய குழி வழியாகப் புதிய பொருள் பழைய அடுக்குக்குள் இறங்கியிருக்கும். ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் இயற்கையே ஒரு பூச்சு அடித்துவிட்டுப் போயிருக்கிறது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் டோபா எரிமலை வெடித்துப் பறந்து வந்த சாம்பல் அங்கே ஓர் அடுக்காகக் கிடக்கிறது. அதற்குக் கீழேயும் மேலேயும் கற்கருவிகள் கிடைத்தன. அந்தப் பெருவெடிப்பின் போது இங்கே மனிதர்கள் என்ன ஆனார்கள் என்ற விவாதமே அந்தச் சாம்பலை வைத்துத்தான் நடக்கிறது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் கல்லாலான கைக்கோடரியைக் கண்டெடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த ஒரு மதிப்பெண் கேள்வி. அவருக்கு முன் எத்தனையோ பேர் அந்தக் கல்லை மிதித்துப் போயிருப்பார்கள். அவருக்கு மட்டும் அது கருவியாகத் தெரிந்தது ஏன்? பிரான்சில் சோம் ஆற்றுப் படுகையில் பூஷே த பெர்த் பல ஆண்டுகளாகக் கற்கருவிகளைச் சேர்த்து வந்தார், யாரும் நம்பவில்லை. 1859-இல் பிரிட்டனிலிருந்து நிலவியலாளர் பிரெஸ்ட்விச்சும் தொல்லியலாளர் எவன்ஸும் நேரில் போய்ப் பார்த்து, அழிந்துபோன விலங்குகளின் எலும்போடு அவை கிடைப்பது உண்மை என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தச் செய்தி இந்திய நிலவியல் அளவைத் துறையில் இருந்த ஃபூட்டுக்கு எட்டியிருந்தது. அவர் கண் தயாராக இருந்தது. 1859-ஐயும் 1863-ஐயும் இப்படிச் சேர்த்து வைத்த பிறகு இரண்டு ஆண்டுகளும் எனக்கு ஒருபோதும் மாறவில்லை. 1863 செப்டம்பரில், அதே துறையில் இருந்த வில்லியம் கிங்குடன் ஃபூட் அத்திரம்பாக்கத்தை அடைந்தார்.

கருவிகளைப் படத்தில் மட்டும் பார்த்துப் படிக்காதீர்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், முடிந்தால் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள அகழ்வைப்பகத்துக்கும் போங்கள். நான் பூண்டியில் இரண்டு மணி நேரம் நின்றேன். கைக்கோடரியின் இரண்டு பக்கமும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை நேரில் பார்த்தால்தான், இதைச் செய்தவர் கல்லை அடிப்பதற்கு முன்பே முடிவான வடிவத்தை மனதில் வைத்திருக்க வேண்டும் என்பது புரியும்.

வீட்டுக்கு வந்து, ஆற்றுக் கூழாங்கல் இரண்டை எடுத்து மோதிப் பார்த்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் தடித்த துணி சுற்றிக்கொண்டுதான் செய்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், செதில் கத்திபோல் வெட்டும். பல முறை வீணான பிறகு ஒரு செதில் சரியாகத் தெறித்தது. அடி விழுந்த இடத்துக்குக் கீழே மெல்லிய புடைப்பு, அதைச் சுற்றிக் குளத்தில் கல் எறிந்ததுபோல் அலைவரிகள். தானாக உடைந்த கல்லையும் மனிதர் உடைத்த கல்லையும் பிரித்துப் பார்க்க ஆய்வாளர்கள் தேடும் அடையாளங்களில் இவை முக்கியமானவை. அந்தச் செதிலை இன்னும் வைத்திருக்கிறேன்.

புதிய கற்காலத்துக்கு வரும்போது ‘எப்படித் தெரியும்?’ என்பதோடு ‘எவ்வளவு உறுதி?’ என்றும் கேளுங்கள். திருப்பத்தூர் மாவட்டத்தின் பையம்பள்ளியில் கொள்ளும் பச்சைப்பயறும் விளைந்தன என்றால், அதற்குத் தானியமே சான்றாகக் கிடைத்திருக்கிறது. காஷ்மீரின் பர்சஹோமில் மக்கள் குழிவீடுகளில் வாழ்ந்தார்கள் என்பது அப்படி அல்ல. குழிகள் இருப்பது உண்மை. அவை வீடுகள்தானா, தானியம் சேமித்த குழிகளா என்று கேட்ட ஆய்வாளர்கள் உண்டு. கொள்குறித் தேர்வில் ‘குழிவீடு’ என்றே குறியுங்கள். விரித்து எழுதும் தேர்வில் இந்த மாற்றுக் கருத்தை ஒரு வரி சேர்த்தால், திருத்துபவர் நீங்கள் யோசித்துப் படித்தவர் என்று கண்டுகொள்வார்.

இரும்புக் காலத் தேதிகளும் மாறிக்கொண்டே வருகின்றன. இரும்பு புழங்கிய காலம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மயிலாடும்பாறைக்குக் கி.மு. 2172 என்று 2022-இலும், தூத்துக்குடி மாவட்டத்தின் சிவகளைக்குக் கி.மு. 3345 என்று 2025-இலும் தமிழக அரசு அறிவித்தது. கார்பன் தேதிகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘இன்றைக்கு முன்’ என்று இருந்தால் அந்த ‘இன்று’ 1950-ஆம் ஆண்டு. அதைக் கி.மு. என்று நினைத்தால் ஏறக்குறைய 2000 ஆண்டு பிசகிவிடும். மாதிரித் தேர்வில் நான் இரண்டு முறை இதில் மதிப்பெண் இழந்திருக்கிறேன்.

கடைசி வாரத்தில் புதிதாக எதையும் படிக்கவில்லை. அட்டைகளில் ஒரு பக்கம் இடத்தின் பெயர், மறுபக்கம் ‘எப்படித் தெரியும்?’ என்பதற்கு இரண்டு வரி விடை. மொத்தம் 40 அட்டை. பேருந்தில் போகும்போது அதை மட்டும் புரட்டினேன். இரண்டாம் முறை அந்த அலகில் எந்தக் கேள்வியையும் விடவில்லை. இப்போது பதினோராம் வகுப்புக்கு அதே பாடத்தை நடத்துகிறேன். முதல் நாள் வகுப்பில் அந்தச் செதிலைத்தான் மேசைமேல் வைக்கிறேன். பிள்ளைகள் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, புடைப்பு எங்கே என்று தேடி முடிக்கும்வரை புத்தகத்தைத் திறப்பதில்லை.