வாடைக்காக ஒதுக்கிய ஒரு நாள்

மார்ச் 3, ஞாயிறு

அம்மா ஜூலை மத்தியில் ஊரிலிருந்து ஸ்டுட்கார்ட் வருகிறார். ஷெங்கன் விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாள் தங்கலாம் என்பதால் அக்டோபர் தொடக்கம் வரை என்னோடு இருப்பார். போன முறை மழையும் சமையலறையுமாகவே அவருடைய நாட்கள் கழிந்துவிட்டன என்ற குறை எனக்கு உண்டு. ஆகவே இந்த முறை பத்து நாள் மத்தியதரைக் கடலோரத்தில் எங்காவது தங்குவது, அங்கே கப்பலில்தான் போய்ச் சேர்வது என்று தீர்மானித்திருக்கிறேன். கப்பல் அம்மாவுக்காக. தாத்தா தூத்துக்குடித் தோணிகளில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக இருந்து, கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போனவர். அவருடைய மகளோ 68 வயதாகியும் ஒரு கப்பலிலும் கால் வைத்ததில்லை.

பார்சிலோனாவிலிருந்து மயோர்க்கா, மார்செய்யிலிருந்து கோர்சிகா, ஸ்ப்ளிட்டிலிருந்து குரோவேஷியத் தீவுகள், ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கிரீட் என்று நான்கு வழிகளை எழுதி வைத்துக்கொண்டு அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். முதல் மூன்று பெயர்களுக்கும் "ம்" மட்டுமே பதிலாக வந்தது. கிரீட் என்றதும், "கிரேத்தா தீவா?" என்று கேட்டுவிட்டு, வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கிவிட்டார். பவுலைக் கைதியாக ரோமுக்குக் கொண்டுசென்ற கப்பல், மழைக்காலத்தைக் கழிக்க ஒதுங்க நினைத்து, கடைசிவரை போய்ச் சேராத துறைமுகம் பேனிக்ஸ். வரைபடத்தில் தேடினேன். கிரீட்டின் தென்கரையில் பினிகாஸ் என்ற பெயரில் அந்த விரிகுடா இன்றும் இருக்கிறது. இடையில் நீண்டிருக்கும் ஒரு சிறு முனையைக் கடந்தால் லூட்ரோ என்ற கடலோரக் கிராமம். அங்கே கார் போகும் சாலை இல்லை. நடந்து போகலாம், இல்லையென்றால் படகு.

இடம் முடிவாகிவிட்டது.

மார்ச் 17, ஞாயிறு

இரண்டு வாரமாகக் காற்றைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். பிரேயஸுக்கும் கிரீட்டுக்கும் இடையிலுள்ள ஏஜியன் கடலில் கோடைதோறும் வடக்கிலிருந்து வீசும் மெல்டெமிதான் அங்கே கப்பல்களின் கால அட்டவணையை மாற்றி எழுதுகிறது. பழைய கிரேக்கர்கள் இதை ஆண்டுக் காற்று என்ற பொருளில் எட்டீசியக் காற்று என்றார்கள். பால்கன் பக்கம் உயரழுத்தமும் துருக்கிப் பக்கம் தாழ்வழுத்தமும் நிலைகொள்ளும்போது இரண்டுக்கும் இடையே வடகாற்று இறங்குகிறது. இதில் எனக்கு வியப்பளித்தது ஒன்றுண்டு. துருக்கிப் பக்கத்துத் தாழ்வழுத்தம், நம் தென்மேற்குப் பருவக்காற்றை இழுக்கும் ஆசியத் தாழ்வழுத்தத்தின் மேற்கு நீட்சியாம். அப்படியானால் ஊரில் அம்மாவின் முருங்கையை முறிக்கும் ஆடிக்காற்றும், பிரேயஸில் கப்பலைக் கட்டிப்போடும் மெல்டெமியும் ஒரு வகையில் பங்காளிகள்.

இதை அம்மாவிடம் விளக்கியபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "வடக்கேயிருந்து வந்தா அது வாடைதானட்டி? கோடையில வாடை அடிக்கிற ஊருக்கா என்னைக் கூட்டிட்டுப் போற?"

ஜூலையிலும் ஆகஸ்டிலும் மெல்டெமி உச்சத்தில் இருக்கும்; செப்டம்பர் பாதிக்கு மேல் தணியத் தொடங்கும். கடல் நீரோ கோடை வெப்பத்தை விடாமல் வைத்திருப்பதால் செப்டம்பரிலும் ஏறக்குறைய 25 பாகை இருக்கும். பியூஃபோர்ட் அளவில் காற்று 8ஐ எட்டினால், அதாவது மணிக்கு 62 கிலோமீட்டரைத் தாண்டினால், பெரிய கப்பல்களையும் துறைமுக அதிகாரிகள் வழக்கமாக நிறுத்திவிடுவார்கள். சிறிய அதிவேகக் கப்பல்கள் அதற்கு முன்பே நின்றுவிடும். எனவே செப்டம்பர் நடுப்பகுதி, பெரிய இரவுக் கப்பல், கேபின் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

மே 11, சனி

பயணச்சீட்டுகள் எடுத்தாயிற்று. முதலில் கப்பலுக்கு எடுத்துவிட்டு அதற்கேற்ப விமானத்துக்கு எடுத்தேன். தலைகீழாகச் செய்திருந்தால் சிக்கியிருப்பேன். செப்டம்பர் 13 இரவு பிரேயஸிலிருந்து ஹானியா நகரத்துக்கான துறைமுகமாகிய சூடாவுக்குப் போக வேண்டும். ஏறக்குறைய ஒன்பது மணி நேரப் பயணம். ஹானியாவில் ஓர் இரவு, பிறகு மலையைக் கடந்து ஸ்ஃபாக்கியா, அங்கிருந்து படகில் லூட்ரோ.

திரும்பும் திட்டத்தில்தான் எனக்கும் அம்மாவுக்கும் வாக்குவாதம். லூட்ரோவிலிருந்து காலைப் படகு, நண்பகல் பேருந்து, அன்றிரவே கப்பல் என்று ஒரே நாளில் முடித்தால் ஹானியாவில் இன்னொரு இரவுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கணக்கு. "காத்துக்கு ஒரு நாள் விடு. உங்க தாத்தா கொழும்புக்குப் போனா திரும்புற தேதியை யாருக்கும் சொல்ல மாட்டாரு" என்றார் அம்மா. அலுவலகத்தில் திட்ட அட்டவணை போடுவதே என் வேலை. அங்கே இத்தகைய இடைவெளி நாளை மேலதிகாரி பார்த்தால் முதலில் வெட்டுவார். இருந்தாலும் அம்மா சொன்னபடி செப்டம்பர் 20ஐக் காலியாக விட்டேன். அட்டவணையில் அந்தக் கட்டத்துக்கு "வாடை" என்று பெயரும் வைத்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

அம்மா வந்துவிட்டார். தினமும் காலையில் காபியோடு என் கைபேசியை வாங்கி, காற்று காட்டும் செயலியைத் திறந்து, ஏஜியன் கடலில் சிவப்பு எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்கிறார். இந்த வாரம் நிறையவே சிவப்பு.

செப்டம்பர் 13, வெள்ளி, பிரேயஸ்

ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து மெட்ரோ நேராகத் துறைமுகத்துக்கே வந்துவிடுகிறது. 2022இல் பாதையை நீட்டியதிலிருந்து நடுவில் மாற வேண்டியதில்லை. பெட்டிகளோடும் மூட்டுவலியோடும் வருபவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் துறைமுகத்துக்குள் நுழைந்த பிறகும் நடை இருக்கிறது, ஏனென்றால் இ1 முதல் இ12 வரையிலான வாயில்கள் துறையைச் சுற்றிலும் பரந்து கிடக்கின்றன. உள்ளே ஓடும் இலவசப் பேருந்தை நான் கவனிக்கத் தவறியதால் அம்மா இருபது நிமிடம் நடந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் நடந்தார் என்பதுதான் எனக்கு உறுத்தல்.

விமான நிலையம் போல் ஏதோ வாசல் வழியாக ஏறுவோம் என்று நினைத்திருந்தோம். கப்பலின் பின்புறம் முழுதும் ஒரு பெரிய வாய்போலத் திறந்து, இரும்புச் சாய்தளம் கரையில் படிந்து கிடக்கிறது. அதன் மீது தக்காளிப் பெட்டி ஏற்றிய லாரிகள் பின்பக்கமாகவே உள்ளே ஏற, ஊழியர் ஒருவர் விசிலடித்து வழிகாட்ட, லாரிகளின் ஓரமாகவே மனிதர்களும் நடந்து ஏறுகிறார்கள். டீசல் புகையும் உப்புக்காற்றும் கலந்த அந்த வாடையை முகர்ந்து அம்மா நின்றுவிட்டார். "அப்பா சட்டையில இந்த வாடைதான் இருக்கும்" என்றார்.

கேபின் வாங்காதவர்கள் மேல்தளத்திலும் நடைவழிகளிலும் படுக்கையை விரித்துவிட்டார்கள். அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த இஞ்சி முரப்பாவைப் பக்கத்திலிருந்த ஒரு கிரேக்கப் பாட்டிக்கும் கொடுத்தார். மெல்டெமி மெலிதாக இருந்தது. தெற்கு நோக்கிப் போகும் கப்பலுக்கு வடகாற்று முதுகில் படுவதால் ஆட்டம் குறைவு. திரும்பும்போதுதான் முகத்தில் அடிக்கும். பழங்கால ரோமானிய எழுத்தாளர் வெகேடியஸ், கடலில் பாதுகாப்பாகப் போகக்கூடிய காலம் மே 27 முதல் செப்டம்பர் 14 வரை என்று எழுதியிருக்கிறார். அவருடைய கணக்குப்படி நாங்கள் கடைசி நாளுக்கு முந்திய இரவில் ஏறியிருக்கிறோம்.

செப்டம்பர் 14, சனி, ஹானியா

விடிவதற்கு முன்பே சூடா வந்துவிட்டது. அம்மா இரவெல்லாம் தூங்கவில்லையாம்; காரணம் அலை அல்ல, எஞ்சின் சத்தம் இதமாக இருந்ததால் கேட்டுக்கொண்டே இருந்தாராம். வெனிஸ்காரர்கள் கட்டிய பழைய துறையையும் கலங்கரை விளக்கையும் மாலையில் பார்த்தோம். கூட்டம் அதிகம்.

செப்டம்பர் 15, ஞாயிறு, லூட்ரோ

வெள்ளை மலைகளைக் கடந்து வரும் பேருந்து, கடைசியில் கொண்டை ஊசி வளைவுகளாகக் கீழே இறங்கும்போது லிபியக் கடல் முழுவதும் சன்னலில் விரிந்தது. ஸ்ஃபாக்கியா ஒரு சின்னத் துறை. 1941 மே 28 முதல் நான்கு இரவுகள், ஜெர்மானியரிடம் கிரீட்டை இழந்த நேச நாட்டுப் படையினரை இந்தத் துறையிலிருந்துதான் கப்பல்கள் எகிப்துக்கு ஏற்றிச் சென்றன. இடமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் கரையிலேயே விடப்பட்டுச் சிறைப்பட்டார்கள். அதற்கான நினைவுச்சின்னத்தின் அருகே நின்றுதான் படகுக்காகக் காத்திருந்தோம்.

படகில் இருபது நிமிடத்துக்கும் குறைவு. பாறைக்கு அடியில் பிறை வடிவ விரிகுடா, வெள்ளை வீடுகள், நீலச் சன்னல்கள். மோட்டார் சத்தம் என்றால் அது படகுதான். உணவகத்து மேசைகள் நீரிலிருந்து ஓர் எட்டு தூரத்தில் போடப்பட்டிருப்பதைப் பார்த்து அம்மா, கடல் ஏறினால் என்ன ஆகும் என்று பதறினார். இந்தக் கடலில் ஏற்றமும் வற்றமும் சாண் அளவுதான் என்றேன். நம்பாமல், படியில் நீர் தொட்ட கோட்டைக் கைக்குட்டையால் அடையாளம் வைத்துவிட்டு உறங்கப் போனார். காலையில் கைக்குட்டை காய்ந்தே இருந்தது.

செப்டம்பர் 17, செவ்வாய்

இன்று சிறு படகில் கிளிக்கா நேராவுக்குப் போனோம். பெயருக்கு நன்னீர் என்று பொருள். செங்குத்தான பாறைக்கு அடியில் கூழாங்கல் கரை. அலை படும் இடத்திலிருந்து சில அடி தள்ளி யாரோ தோண்டிவிட்டுப் போன குழியில் நீர் நின்றது. அம்மா அதைத் தொடவில்லை. புதிதாக ஓர் இடம் பார்த்துக் குந்தி உட்கார்ந்தார். பெரிய கற்களை ஒரு பக்கமும் சிறியவற்றை இன்னொரு பக்கமும் ஒதுக்கினார்; முழங்கை ஆழம் போனதும் அடியில் கல் கருத்து ஈரமானது. முதலில் ஊறிய கலங்கலை இரண்டு முறை காகிதக் கோப்பையால் இறைத்து வெளியே ஊற்றிவிட்டு, மூன்றாவது ஊறும்வரை பொறுத்திருந்து மொண்டு குடித்தார். எனக்கும் கொடுத்தார். பற்கள் கூசும் குளிர்ச்சி. உப்பு அறவே இல்லை. வெள்ளை மலைகளில் விழும் மழையும் பனியும் சுண்ணாம்புக்கல் இடுக்குகளில் இறங்கி, கடலின் ஓரத்தில் இப்படி வெளிவருகிறது.

சாத்தான்குளம் பக்கம் கருமேனியாறு காய்ந்து கிடக்கும் மாதங்களில் சிரட்டையால் ஊற்று இறைத்த கை அது. கலங்கலை இரண்டு முறை கொட்ட வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. "செந்தூர் நாழிக்கிணறு மாதிரி" என்று சொல்லிக்கொண்டே தன் பாட்டிலை நிரப்பிக்கொண்டார்.

செப்டம்பர் 19, வியாழன்

முனையைக் கடந்து பினிகாஸுக்கு மெதுவாக நடந்தோம்; ஏற்றத்தில் அம்மா நான்கு முறை உட்கார்ந்தார். வேதாகமம் சொல்வது போல அந்த விரிகுடா மேற்கு நோக்கியிருக்கிறது. லூட்ரோவோ கிழக்கு நோக்கியது. இரண்டுக்கும் நடுவே நின்றால், எந்தக் காற்று வந்தாலும் ஒரு பக்கம் ஒதுங்கலாம் என்பது விளங்குகிறது. ஸ்ஃபாக்கியாக்காரர்கள் மழைக்காலத்தில் தங்கள் கப்பல்களை இங்கே கொண்டுவந்து கட்டியதும் அதனால்தான். தெற்கே கவ்டோஸ் தீவு மங்கலாகத் தெரிந்தது. நடபடிகளில் கிலவுதா என்று வரும் தீவு அதுதான். மெல்லிய தென்றலை நம்பிப் பாய் விரித்த கப்பலைத் திடீரென்று இறங்கிய யூரோக்கிலிதோன் என்ற கடுங்காற்று அந்தத் தீவுப் பக்கம் தள்ளிக்கொண்டுபோய், பதினான்கு நாள் அலைக்கழித்து மால்டாவில் உடைத்தது. அதில் இருந்த 276 பேரும் பிழைத்தார்கள். "கப்பல்காரன் பேச்சைக் கேட்டு நூற்றுக்கு அதிபதி கெட்டான்" என்று, பவுலைக் கொண்டுசென்ற ரோமப் படைத்தலைவனைப் பற்றி அம்மா தீர்ப்புச் சொன்னார்.

செப்டம்பர் 20, வெள்ளி

படகு இல்லை. இரவிலேயே காற்று தெற்குக்குத் திரும்பிவிட்டது; விரிகுடாவின் வாயில் அலை எழும்பி, காலையில் உணவகத்துக்காரர் மேசைகளை நான்கு எட்டு பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். ஆறு மாதமாக வாடையைக் கண்காணித்துவிட்டு, கடைசியில் தெற்கிலிருந்து வீசும் சோழகத்திடம் மாட்டினோம். பக்கத்து அறையில் இருந்த தம்பதிக்கு இன்று இரவுக் கப்பல்; கைபேசியை வைத்துக்கொண்டு துறைக்கும் அறைக்குமாக நடந்தார்கள். அவர்களைப் பார்க்கையில் மே மாதத்து என் கணக்குதான் நினைவுக்கு வந்தது. அம்மா எதுவும் சொல்லிக் காட்டவில்லை. தேன் ஊற்றிய ஸ்ஃபாக்கியப் பாலாடைக்கட்டி அப்பத்தை இரண்டாவது தடவை வரவழைத்துச் சாப்பிட்டார்.

செப்டம்பர் 22, ஞாயிறு, ஏதென்ஸ் விமான நிலையம்

நேற்றுக் காலை கடல் அடங்கிப் படகு வந்தது. பேருந்தும் இரவுக் கப்பலும் தவறவில்லை. வடக்கு நோக்கி வரும்போது காற்று முகத்தில் அடித்து, நள்ளிரவுக்கு மேல் நல்ல ஆட்டம். இஞ்சி முரப்பா தீர்ந்தது.

பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்கும்போதுதான் அம்மாவின் பையில் அந்தப் பாட்டில் இருப்பது தெரிந்தது. கிளிக்கா நேராத் தண்ணீர், முக்கால் லிட்டர். நூறு மில்லிக்கு மேல் விடமாட்டார்கள், தொட்டியில் ஊற்றிவிடலாம் என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வரிசையை விட்டு விலகி நின்று பாதியைக் குடித்தார். மீதியை என்னிடம் நீட்டினார். பின்னால் இருந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு நானும் குடித்தேன்.