எத்தனை பேறு?

1986-லிருந்து ஏழு வருஷம், பள்ளிக்கூட வேலையோடு எஸ்.ஆர்.எஸ். கணக்கெடுப்பும் பார்த்தேன். நாடு முழுக்கச் சில ஊர்களை மாதிரியாக எடுத்து, பிறப்பு இறப்பைக் கணக்கிடும் அரசாங்கத் திட்டம் அது. இரணியல் பக்கம் ஒரு கிராமம். பிறப்பு, சாவு எது நடந்தாலும் அவ்வப்போது எழுதி வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சூப்பர்வைசர் வந்து, என் நோட்டைப் பார்க்காமலே வீடு வீடாகத் தனியாக விசாரிப்பார். அப்புறம் இரண்டையும் ஒத்துப் பார்ப்பார்கள். பொருந்தாத வீட்டுக்கு மறுபடியும் நடை.

என் நோட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஒரு ஜூலையில் அது போயிற்று. நான் தினமும் தாண்டிப் போகிற வீடு. தலைப்பிரசவத்துக்குக் குலசேகரத்தில் தாய்வீட்டுக்குப் போன மருமகள் வெறுங்கையோடு வந்தாள். மாமியார், "அது குறைப்பேறு டீச்சரே, எழுதண்டாம்" என்றார். நானும் விட்டுவிட்டேன். சூப்பர்வைசர் அந்தப் பெண்ணிடமே ஒன்று கேட்டார்: "பிறந்ததும் அழுததா?" அழுதிருக்கிறது. மூன்று நாள் பாலும் குடித்திருக்கிறது.

ஒரு மூச்சு விட்டாலும் அது உயிரோடு பிறந்த பிள்ளைதான். பிறப்பில் ஒன்று, சிசு மரணத்தில் (ஒரு வயது நிறையுமுன் சாவு) ஒன்று எழுத வேண்டும். நான் இரண்டையும் விட்டதால் நோட்டில் எந்த ஓட்டையும் தெரியவில்லை. இந்தியாவில் ஆயிரம் பிறப்புக்கு 1971-ல் 129 ஆக இருந்த சிசு மரணம் 2020-ல் 28 ஆனது. நிஜமான இறக்கம்தான். ஆனால் என்னைப் போல நாலு பேர் கேட்காமல் விட்டாலும் அது இறங்கும்.

போன வருஷம் அக்கா மகள் ஃபீல்டு வொர்க்குக்கு வந்தாள். திருவனந்தபுரத்தில் டெமோகிராபி, அதாவது மக்கள்தொகைக் கணக்குப் படிப்பு, படிக்கிறாள். பதிவேடே சரியில்லாத நாடுகளுக்காக வில்லியம் பிராஸ் என்பவர் 1960-களில் ஒரு வழி கண்டுபிடித்தாராம். எத்தனை பெற்றாய், எத்தனை இருக்கிறது என்று தாய்மாரிடமே கேட்பது. இருபது இருபத்துநாலு வயதுக்காரிகளின் பதிலில் இரண்டு வயதுக்குள் போனவர்களின் கணக்கு கிடைக்கும். முப்பது முப்பத்துநாலு வயதுக்காரிகளிடம் ஐந்து வயதுக்குள் போனவர்களின் கணக்கு. தாய்க்கு வயது ஏற ஏற, அவள் சொல்லும் சாவுகளும் பழைய காலத்தவை. அதனால் ஒரே சர்வேயில் பல வருஷப் போக்கு தெரிந்துவிடும். கெட்டிக்கார வேலை!

ஆனால் இவள் "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டாள். எல்லாரும் இருக்கிற பிள்ளைகளைச் சொன்னார்கள். "எத்தனை பேறுன்னு கேளு மக்களே" என்றேன். மூன்று என்று சொல்லியிருந்த ஒருத்தி, "பேறு அஞ்சு. ரெண்டு தங்கல" என்றாள்.

மண்டைக்காட்டில் நாற்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி, மகன் "ஒரு வயசுல" போனான் என்றாள். அக்கா மகள் 12 மாதம் என்று எழுதிவிட்டாள். பத்து, பதினொன்று, பதின்மூன்று எல்லாமே நம் வாயில் ஒரு வயசுதான். ஆனால் பன்னிரண்டு மாதம் நிறைந்துவிட்டால் சிசு மரணத்தில் சேராது.

"எப்பப் பிறந்தான்?" என்றேன்.

"மாசிக் கொடை முடிஞ்ச மறுநாளு." அது அங்கே அம்மன் கோயிலின் வருஷத் திருவிழா, கொடியேற்றத்தோடு தொடங்கும்.

"அடுத்த கொடைக்கு இருந்தானா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "கொடியேற்றத்துக்கு அவனுக்குன்னு சட்டை எடுத்து வச்சிருந்தோம். போடல."

அக்கா மகள் ரப்பரைத் தேடினாள். நான் பேனாவால் அடித்து 11 என்று எழுதச் சொன்னேன்.